கசக்கிறதா?

என் வேலை, ஆண்களின் தாடையைப் பார்ப்பது.
ஸ்டாவாங்கர் ஹெலிகாப்டர் தளத்தில்
ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு நாற்காலி,
கொக்கிகளில் ஏழு ரப்பர் முகமூடிகள்.
வடகடலின் எண்ணெய் மேடைகளுக்குப் போகிறவர்கள்
என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

முகமூடியை மாட்டி, தலைமேல் உறையைக் கவிழ்த்து,
கசப்பு மருந்தைப் பனியாய் அடிப்பேன்.
தலையை ஆட்டு. இடம் பார். வலம் பார்.
அட்டையில் இருப்பதைச் சத்தமாக வாசி.
பிறகு ஒரே கேள்வி:
கசக்கிறதா?

கசந்தால் காற்று நுழைகிறது.
காற்று நுழையும் வழியில்
அழுகிய முட்டை வாடையோடு வரும் வாயுவும் நுழையும்.
கொஞ்சம் என்றால் நாறும்.
கூடினால் மூக்கு மரத்துவிடும், நாறாது.
மயிரிழையில் உயிர் தப்பினான் என்பார்கள்.
இங்கே மயிரிழையில்தான் போகும்.

கன்னத்தைப் பார்த்தே
அவர்கள் காலை எப்படி விடிந்தது என்று சொல்வேன்.
காதோரம் ஒட்டிய காகிதத் துணுக்கு: அவசரம்.
மோவாய்க் குழியில் நான்கு முடி:
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சவரம்.
தொண்டை முழுக்கச் சிவந்த கொப்புளம்:
ஐந்து பிளேடு அடுக்கிய ரேசர்.
முன்னது முடியை இழுத்துப் பிடிக்க
பின்னது தோலுக்கும் கீழே போய் அறுக்க,
அறுபட்டது வெளியே வரும் வழி தெரியாமல்
உள்ளேயே சுருண்டுகொள்ளும்.

ஒட்வார், கிரேன் ஓட்டுநர், மூன்று முறை தோற்றார்.
மூன்று முறையும் கசக்கிறது என்றார்.
நான்காம் முறை, இல்லை என்று பொய் சொன்னார்.
கசப்பு முதலில் கண்ணில்தான் தெரியும்.
தோல்வி என்று எழுதினேன்.
அவர் கழுத்துப்பட்டியைக் கீழே இழுத்துக் காட்டினார்.
அந்தத் தோலில் நான் என்றால்
வெண்ணெய்க் கத்தியைக்கூட வைக்க மாட்டேன்.

மறுநாள், செய்யக் கூடாததைச் செய்தேன்.
என் கால்களுக்கு நான் வைத்திருந்த எஃகு ரேசரை
வெந்நீரில் கொதிக்க வைத்து, துடைத்து,
ஐந்து கம்பெனிகளின் பிளேடு ஒவ்வொன்றோடு
சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

ஒரே பிளேடுதான். தலை கனமாக இருக்கும்.
அந்தக் கனம் போதும், நீங்கள் அழுத்த வேண்டாம்.
நுரை தயிர்ப் பதம், பால் பதம் அல்ல.
குளித்த பிறகு, முகம் ஈரமாய் இருக்கும்போதே.
சரசரவென்று கேட்டால் சாய்வு சரி,
சத்தம் நின்றால் கையையும் நிறுத்துங்கள்.
உங்கள் கழுத்தில் முடி கீழ்நோக்கி வளரவில்லை,
காதுப் பக்கம் சாய்கிறது,
மேற்குக் காற்றில் படுத்த ஓட்ஸ் வயல் மாதிரி.
அது போகும் பக்கமே போங்கள், எதிர்க்காதீர்கள்.

இதை விரலால் தடவித்தான் சொன்னேன்.
பிறகு இருவரும் வேறு வேறு சுவரைப் பார்த்தோம்.

மூன்று நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி:
முதல் பிளேடு பிடுங்குகிறது.
அடுத்த நாள்: இரண்டாவது, நான் நினைக்கும் முன்பே வெட்டுகிறது.
அப்புறம் ஒரு நாள் ஒன்றும் இல்லை.
அப்புறம்: மூன்றாவது பேசாமல் போகிறது.
மீதி இரண்டைத் திருப்பித் தரட்டுமா?

ஐந்தாம் முறை வந்து உட்கார்ந்தார்.
கழுத்தில் பழைய சிவப்பு, புதியது இல்லை.
பனியை அடித்தேன். ஆட்டினார். திரும்பினார்.
ரப்பருக்குள்ளிருந்து அட்டையை வாசித்தார்,
விதிகளில் இல்லாத அளவுக்கு மெதுவாக.
கசக்கிறதா?
இல்லை. உள்ளே என் சோப்பு வாசனைதான்.
கண்ணைப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன்.
கையெழுத்துப் போட்டேன்.

இன்று மாலை, கடையில் வாங்கிய புது ரேசர்.
பிடி நீளம், தலை லேசு,
இதன் சாய்வு என் கைக்கு இன்னும் பிடிபடவில்லை.
கணுக்காலில் ஒரு வெட்டு.
காகிதத் துணுக்கை ஒட்டிக்கொண்டு
குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன்.
அவசரம் ஒன்றும் இல்லை.
ஹெலிகாப்டர் திரும்ப
இன்னும் பதினான்கு நாள்.